ஜோட்டெரோ: தமிழ்ப் பெயர்களைப் பிளக்கும் தொல்லை

தமிழ் அச்சு வரலாற்றில் ஆய்வுக்கட்டுரை தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், மூலங்களைத் தொகுக்க, மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் கவனித்துக்கொள்ளும் மென்பொருளான ஜோட்டெரோ போதுமா என்று கேட்டார். இலவசம், 2006 முதல் இருக்கிறது, வேர்டோடு இணையும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல ஆண்டுகள் புழங்கிய பிறகும் தீராத தொல்லை ஒன்று உண்டு. அது பெயர்.

நூலகப் பட்டியலிலிருந்து உலாவிப் பொத்தானை அழுத்தி நூலைச் சேர்த்தால், பல தளங்களில் ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயராகிவிடுகிறது. 'சி.வை. தாமோதரம் பிள்ளை' வெறும் 'பிள்ளை' ஆகிறார். ஆறுமுக நாவலர் 'நாவலர், ஆறுமுக' ஆகிறார். அடிக்குறிப்பில் மூலத்தைக் காட்டும் சிகாகோ முறையில், அதே நூலை இரண்டாம் தடவை மேற்கோள் காட்டும்போது ஆசிரியர் பெயர் 'பிள்ளை' என்று சுருங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு வரலாற்றில் எந்தப் பிள்ளை என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

குடும்பப் பெயருக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு கட்டங்களை விட்டு, பெயரை ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றலாம். அச்சில் சரியாக வரும். ஆனால் துணைநூற்பட்டியலில் தாமோதரம் பிள்ளை 'சி' வரிசைக்குப் போய்விடுவார். முன்னெழுத்துள்ள பெயர்களுக்கு இரண்டு கட்டங்களே நல்லது: 'தாமோதரம் பிள்ளை' முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்தில், 'சி.வை.' மற்றதில். முன்னெழுத்து இல்லாதவர்களுக்கு மட்டும் ஒற்றைக் கட்டம். நூலைச் சேர்த்த கையோடு திருத்திவிட வேண்டும். வேர்டில் ஐம்பது அடிக்குறிப்பு போட்ட பிறகு தேடித் திருத்துவது கொடுமை.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் அதே நூல் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ்ப் பதிவும் ரோமன் பதிவும் சேர்ந்தால் 'டூப்ளிகேட்' பகுதி கண்டுகொள்ளாது; ஐஎஸ்பிஎன் எண் இல்லாத பழைய நூல்களில் அது தலைப்பை ஒப்பிட்டே இரட்டிப்பைப் பிடிக்கிறது. தமிழ்ப் பதிவை வைத்துக்கொண்டு ரோமன் வடிவத்தைக் கூடுதல் தகவலுக்கான 'எக்ஸ்ட்ரா' கட்டத்தில் ஒட்டுங்கள், தேடினால் கிடைக்கும்.

பழைய நூல்களின் தமிழ் ஆண்டுப் பெயரும் இதே கட்டத்துக்குத்தான் போக வேண்டும். முகப்பில் 'சர்வசித்து, தை' என்று மட்டும் இருந்தால் சித்திரையில் தொடங்கும் அந்த ஆண்டு 1827, 1887, 1947 எதுவாகவும் இருக்கலாம். அச்சகத்தை வைத்து 1887 என்று உறுதியானாலும், தை மாதம் 1888இல்தான் வரும். தேதிக் கட்டத்தில் 1888, எக்ஸ்ட்ராவில் முகப்பில் உள்ளபடியே.

எழும்பூர் ஆவணக் காப்பகத்து அரசாணை என்றால் எண், துறை, தேதி மூன்றையும் சேர்த்தே குறியுங்கள்.

எதிர்பாராத மகிழ்ச்சி, பிடிஎஃப் பக்கத்தில் ஒரு பகுதியைச் சதுரமாக வெட்டும் கருவி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, ணா வடிவங்களில், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் தடுமாறும் இடத்தில், பத்தியையே படமாக வெட்டிக் குறிப்பில் வைக்கலாம், பக்க எண்ணோடு. முன்னுரைப் பக்கங்களால் எண் தள்ளிப்போயிருக்கும். வலச்சொடுக்கில் 'இந்தப் பக்கமும் அடுத்தவையும்' என்று ஒரே முறை திருத்தினால் போதும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை.

இலவச இடம் 300 எம்பி, நாலைந்து ஸ்கேன் நூல்களிலேயே தீர்ந்துவிடும். பிடிஎஃப்களைக் கணினியில் வைத்து இணைப்பு மட்டும் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், மூலங்கள் முழுக்கத் தமிழில் என்றால் துணைநூற்பட்டியலை இதனிடம் ஒப்படைக்காதீர்கள். குறிப்பெடுக்க இதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைக் கையால் எழுதுங்கள். நம் பெயரைச் சரியாக எழுதத் தெரியாத கருவிக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.