டாக்ஸ் பேஜ்ல எந்த ஏஐ காட்டணும்னு நாமளே செலக்ட் பண்ற வசதி: என் ரிவ்யூ

மின்ட்லிஃபைல (சாஃப்ட்வேருக்கான டாக்ஸ், அதாவது விளக்கப் பக்கங்கள வெளியிடுற தளம்) டாக்ஸ் வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன். பேஜ் தலைப்பு பக்கத்துல ஒரு மெனு வருமே, பேஜ காப்பி பண்ணு, சாட்ஜிபிடில திற, கிளாட்ல திறன்னு, அதுல எது வரணும்னு டாக்ஸ்.ஜேசான்ங்கற (docs.json) செட்டிங்ஸ் ஃபைல்ல கான்டெக்ஸ்சுவல்ங்கற (contextual) பகுதில நாமளே எழுதிக்கலாம், எழுதுனது மட்டும்தான் வரும். 5க்கு 4 தாராளமா குடுப்பேன்.

கம்பெனில ஒரே ஒரு அசிஸ்டன்ட்டுக்குத்தான் அனுமதின்னா மெனுல நாலஞ்சு பேர காட்டி ஏன் குழப்பணும், யாராவது கம்பெனியோட ரகசிய புரோகிராம் கோட் (code) எல்லாத்தையும் சேத்து அனுமதி இல்லாத ஏஐல ஒட்டிட்டா யாரு பொறுப்பு?

முக்கியமா ஒண்ணு கவனிங்க. அந்த பட்டன் பேஜோட லிங்க்கதான் ப்ராம்ப்ட்ல (ஏஐகிட்ட கேக்குற கேள்வில) வச்சு அனுப்புது, அதனால லாகின் போட்டுப் படிக்கிற டாக்ஸா இருந்தா அசிஸ்டன்ட்டால உள்ள போகவே முடியாது, சில நேரம் ஊகிச்சு ஏதோ பதில் சொல்லிடும், ரீடர் அத நம்பி செஞ்சு கெட்டுப்போனா பழி நம்ம டாக்ஸ் மேலதான் விழும். அந்த மாதிரி இடத்துல காப்பி மட்டும் வைங்க, பேஜ் மார்க்டவுனா (எளிய குறியீடுகளோட வர்ற வெறும் டெக்ஸ்ட்டா) வரும், ரீடரே வேணுங்கற இடத்துல ஒட்டிக்குவாங்க.

ஆனா ஒரு ஏஐய மெனுல இருந்து எடுத்துட்டா அதத் தடை பண்ணிட்டோம்னு நினைக்காதீங்க, பப்ளிக் பேஜோட லிங்க்க யார் வேணா எந்த ஏஐகிட்டயும் குடுக்கலாம்.