ராஜ்யசபா விவாதப் பதிவு சைட் ரிவ்யூ: திருச்சி சிவா கொண்டுவந்த பில்லை வச்சே சொல்றேன்

"எம்பிங்க எல்லாம் டெல்லிக்குப் போய் என்னதான் பண்றாங்க"ன்னு கேக்குற எல்லாருக்கும் நான் இந்த சைட்டைத்தான் காட்டுவேன். ராஜ்யசபாவுல 1952ல இருந்து பேசின பேச்சு வரிக்கு வரி இதுல இருக்கு, காசு கட்ட வேண்டாம், உறுப்பினர் பேரைப் போட்டுத் தேடலாம், தேதி போட்டுத் தேடலாம், பிடிஎஃப்பா இறக்கி வச்சுக்கலாம். 1962ல அண்ணா அங்க போய்ப் பேசினதுகூட இதுலயே கிடைக்கும். ரீல்ஸ்ல வர்ற கிளிப்புல யாரு கத்துனாங்கன்னு மட்டும்தான் தெரியும், இங்க வந்தாத்தான் அவரு எதுக்கு எந்திரிச்சாரு, மந்திரி என்ன பதில் சொன்னாரு, அதுக்கு இவரு என்ன திருப்பிச் சொன்னாருன்னு முழுசா தெரியும்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா 2015 ஏப்ரல் 24ம் தேதியை எடுங்க, திமுக எம்பி திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா ஓட்டுக்கு வந்த நாள். வெள்ளிக்கிழமை. தனிநபர் மசோதாவுக்குன்னு ராஜ்யசபாவுல வெள்ளிக்கிழமை மதியம்தான் ஒதுக்கியிருக்காங்க, மந்திரியா இல்லாத எந்த உறுப்பினரும் சொந்தமா ஒரு பில் கொண்டு வரலாம், ஆனா வழக்கமா என்ன நடக்கும்னா நாலு பேரு நல்லா பேசுவாங்க, மந்திரி எந்திரிச்சு "உங்க அக்கறையை மதிக்கிறோம், அரசே பாத்துக்கும், வாபஸ் வாங்கிக்கோங்க"ம்பாரு, இவரும் வாங்கிடுவாரு, அதோட கதை முடிஞ்சிரும். சுதந்திரத்துக்கு அப்புறம் இப்படி வந்து சட்டமானது மொத்தமே 14தான், கடைசியா ஆனது 1970ல.

இந்தப் பின்னணி தெரிஞ்சுக்கிட்டு அந்த நாள் பதிவைப் படிச்சாத்தான் அதோட கனம் புரியும். 2014 ஏப்ரல் 15ல நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் மூணாம் பாலினத்தை அங்கீகரிச்சு தீர்ப்பு குடுத்துச்சு. அந்த வருஷம் டிசம்பர் 12லயே சிவா திருநர் உரிமை மசோதாவை அறிமுகம் பண்ணிட்டாரு. பேருக்குக் கொண்டுவந்த ரெண்டு பக்கக் காயிதம் இல்லைங்க அது, 58 பிரிவு, தேசிய ஆணையம், மாநில ஆணையம், தனி நீதிமன்றம், படிப்புலயும் அரசு வேலையிலயும் 2 சதவீத இட ஒதுக்கீடுன்னு முழு சட்டமாவே எழுதியிருந்தாரு. 2008லயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைச்ச தமிழ்நாட்டுல இருந்து போனவரு இதைக் கையில எடுத்தது எனக்கு இன்னைக்கும் பெருமைதான்.

வழக்கப்படி அரசாங்கம் வாபஸ் வாங்கச் சொல்லுச்சு. சமூக நீதித் துறை மந்திரி தாவர்சந்த் கெலாட், பில்லுல நடைமுறைச் சிக்கல் இருக்குன்னு சொன்னாரு. சிவா மாட்டேன்னுட்டாரு. இங்கதான் விதிமுறை தெரிஞ்ச உறுப்பினருக்கும் தெரியாத உறுப்பினருக்கும் வித்தியாசம், பில்லைக் கொண்டுவந்தவரா கேட்டாத்தான் வாபஸ், அவரு ஓட்டுக்கு விடுங்கன்னு நின்னா சபை ஓட்டுக்கு விட்டுத்தான் ஆகணும், அப்போ ராஜ்யசபாவுல ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மையும் இல்ல. அவை முன்னவரா, அதாவது சபையில அரசுத் தரப்புக்குத் தலைவரா இருந்த அருண் ஜெட்லி குறுக்க வந்தாரு, கடைசில குரல் வாக்குல, அதாவது ஆமா இல்லைன்னு வாய்விட்டுச் சொல்ற ஓட்டுல, ஒருமனதா நிறைவேறிடுச்சு. ராஜ்யசபாவுல தனிநபர் மசோதா ஒண்ணு ஜெயிச்சது 36 வருஷத்துக்கு அப்புறம்! அதுக்கு முந்தி 1979ல அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத் திருத்த மசோதா, அதுவும் சட்டமாகல. டிவில பாத்திருந்தா ரெண்டு நிமிஷ செய்தியா போயிருக்கும், பதிவுல படிக்கும்போது ஒரு மனுஷன் பணியாம நிக்கிறது வரிக்கு வரி தெரியுது. "தீர்மானம் ஏற்கப்பட்டது"ன்னு பொருள் வர்ற அந்த ஒத்தை வரிக்கு வரும்போது எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்து அதே பேரை வச்சு 2019 நவம்பர் 26க்குப் போங்க, இதை யாரும் விட்டுடக் கூடாது. நடுவுல லோக்சபாவுல அப்போ பிஜு ஜனதா தள எம்பியா இருந்த பைஜெயந்த் பாண்டா சிவா மசோதாவை எடுத்துட்டுப் போனாரு, அங்க நிறைவேறல, அரசாங்கம் 2016ல தனியா ஒரு பில் கொண்டு வந்துச்சு, அது சுத்திச் சுத்தி 2019ல ராஜ்யசபாவுக்கு வந்துச்சு. அதுல இட ஒதுக்கீடு இல்ல, அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியர்கிட்ட விண்ணப்பிக்கணும், திருநர்கள் மேல பாலியல் வன்முறை பண்ணா அதிகபட்சம் 2 வருஷம்தான் ஜெயில். பில்லை விரிவா ஆராயிற எம்பிங்க குழுவான தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கன்னு சிவா தீர்மானம் கொண்டு வந்தாரு, 55க்கு 74ல தோத்துப்போச்சு. ஜெயிச்ச நாளை மட்டும் படிச்சா பாதிதான் படிச்ச மாதிரி, ஒரு உறுப்பினர் அஞ்சு வருஷமா ஒரே விஷயத்தை எப்படி விடாம தூக்கிட்டு வர்றாருன்னு பாக்கத்தான் இந்த சைட்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. குரல் வாக்குன்னா யாரு எந்தப் பக்கம்னு பேரு இருக்காது. டிவிஷன் கேட்டு எண்ணி ஓட்டு எடுத்தா ஆதரிச்சவங்க, எதிர்த்தவங்க பேரு தனித்தனியா அச்சாகும். அந்தப் பட்டியலைத் தேடிப் போய்ப் படிங்க, தேர்தல் மேடையில யாரு என்ன பேசினாலும் சபையில எந்தப் பக்கம் நின்னாங்கன்னு அதுல இருக்கு.

குறைன்னு பாத்தா மொழிதான். இந்தில பேசினது இந்திலயே இருக்கும், இந்தி தெரியாதவங்களுக்கு விவாதத்துல பாதி கைவிட்டுப் போகும். தமிழ்ல பேசின பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாத்தான் வருது, பேசின தமிழையும் பக்கத்துலயே போடணும், அந்த உறுப்பினரை அனுப்பின ஊரு ஜனங்க படிக்க வேண்டாமா? பழைய தொகுதிங்க ஸ்கேன் பண்ணது, அதனால ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடுறதை விட தேதி தெரிஞ்சுக்கிட்டுப் போறதுதான் நல்லது.

5க்கு 4 குடுப்பேன். சட்டம் படிக்கிற பசங்க, ரிப்போர்ட்டர்ங்க, திருநர் உரிமைக்கு வேலை செய்றவங்க கண்டிப்பா பாருங்க. மொபைலை விட லேப்டாப்ல படிக்கிறது வசதி, பக்கம் நிறைய இருக்கு.