கொரியப் போர் விமானியின் ஜாக்கெட் என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ராணுவ உடுப்புகள் சேர்க்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். அதில் கடற்படை விமானிகளின் ஜி-1 லெதர் ஜாக்கெட் தேடுபவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்ற ஆளின் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் வங்கியில் இருக்கிறது. ஆனால் எப்படி விற்றார் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான். 1951-ல் கொரியப் போரின்போது யூ.எஸ்.எஸ். எசெக்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த ஒரு லெப்டினன்ட்டின் ஜாக்கெட். அவர் விஎஃப்-51 என்ற ஸ்குவாட்ரனை, அதாவது போர் விமானப் பிரிவைச் சேர்ந்தவர். இடது மார்பில் தங்க எழுத்துப் பெயர்ப்பட்டை, வலது மார்பில் ஸ்குவாட்ரன் பேட்ச், இரண்டும் அன்று தைத்தது தைத்தபடி.

விஎஃப்-51 என்ற பெயர் சும்மா போட்டதல்ல. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குப் போவதற்குப் பல வருஷம் முன்னால், 21 வயதில், அதே ஸ்குவாட்ரனில் அதே கப்பலிலிருந்து பாந்தர் ஜெட் ஓட்டினார். கொரியாவில் 78 முறை போர்ப் பறப்புக்குப் போனவர். நம் லெப்டினன்ட் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பிரீஃபிங் கேட்டவர் என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள். விலை 2,400 டாலர். பேசி 2,200-க்கு முடிந்தது. எழுபதுகளின் சாதாரண ஜி-1 சில நூறு டாலருக்கே கிடைக்கும். மீதிப் பணமெல்லாம் அந்த மனிதருக்காகவும் அந்தக் கப்பலுக்காகவும்தான்.

ஜி-1 பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மோசடி எங்கே என்று புரியும். அமெரிக்கக் கடற்படை 1947-ல் அந்தப் பெயரில் ஏற்றுக்கொண்ட ஜாக்கெட் அது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் போட்ட எம்-422ஏ-வின் நேரடி வாரிசு. பழுப்புத் தோல், ரோமக் காலர், இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் பட்டி, கையை முன்னால் நீட்டும்போது முதுகு இழுக்காமலிருக்கத் தோளுக்குப் பின்னால் மடிப்பு. ஜிப்புக்கு உள்பக்கம் இருக்கும் மடலில் சின்னச் சின்னத் துளைகளாலேயே யூ.எஸ்.என். என்று பொறித்திருப்பார்கள். இந்த வடிவம் பல பத்தாண்டுகளாக மாறவே இல்லை. இரண்டு தப்படி தள்ளி நின்று பார்த்தால் 1951-ன் ஜாக்கெட்டுக்கும் 1971-ன் ஜாக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் தெரியும். கொரியக் காலத்து ஜி-1 ஆட்டுத்தோல், காலர் நிஜமான செம்மறி ரோமம். பிற்பாடு காலர் செயற்கை இழைக்கு மாறியது, மாட்டுத்தோலும் வந்தது.

அதனால் வாங்குவதற்கு முன்பே எல்லாம் கேட்டேன். ஆட்டுத்தோலா? ஆமாம். காலர் நிஜ ரோமமா? ஆமாம். லேபிள் படம் அனுப்ப முடியுமா? வந்தது. 55ஜே14 என்ற அந்தக் காலத்து விவரக்குறிப்பு எண் தெளிவாக இருந்தது. அந்த லெப்டினன்ட்டின் சேவை ஆவணங்களின் நகல் பார்சலோடு வரும் என்றார் வியாபாரி. சொன்னதைவிட வேறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றும் எழுதினார். கார்டு வேண்டாம், நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இன்னும் கொஞ்சம் குறைக்கிறேன் என்று சொன்னபோது மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிரெடிட் கார்டில்தான் கொடுத்தேன்.

பார்சல் வந்தது. ஆவணம் என்று உள்ளே இருந்தது வியாபாரியே அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழ். அதைக் கீழே வைத்துவிட்டு ஜாக்கெட்டை எடுத்தேன். காலரைத் தடவியதுமே கை சொல்லிவிட்டது. ஓரத்திலிருந்து இரண்டு இழை பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினேன். நிஜ ரோமமாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வந்து சாம்பலாக உதிரும். இது சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு பொட்டு ஆகி, பிளாஸ்டிக் வாடை அடித்தது. அல்ட்ராவயலட் டார்ச் அடித்தால் பேட்ச்சைச் சுற்றித் தைத்த நூல் நீலமாகப் பளிச்சென்று எரிந்தது, பக்கத்திலிருந்த மற்ற தையல்கள் எதுவும் எரியவில்லை. (சோப்புத்தூளில் துவைத்த பழைய துணியும் இப்படி மினுங்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் லெதர் ஜாக்கெட்டை யாரும் துவைப்பதில்லை.)

அப்புறம் பேட்ச்சையே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் விளிம்புக்கு வெளியே, அரை விரல்கடை தள்ளி, தோலில் வட்டமாக ஊசித்துளைகள். துளைகளுக்கு உள்ளே இருந்த தோல் கருமை மாறாமல் இருந்தது, வெளியே இருந்தது வெயில்பட்டு வெளுத்திருந்தது. அதாவது இதைவிடப் பெரிய ஒரு பேட்ச் பல வருஷம் அந்த இடத்தில் இருந்திருக்கிறது. அதைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் இதை ஒட்டவைத்திருக்கிறார்கள். பெயர்ப்பட்டைக்கும் அதே கதைதான். பழைய துளைகள் வேறு இடத்தில்.

லேபிளை நானாகத் தொடவில்லை. தோல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய், அவர் கடையிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத் தையலை மட்டும் பிரிக்கச் சொன்னேன். கீழே இன்னொரு லேபிள் இருந்தது, இதுதான் அசல். எம்ஐஎல்-ஜே-7823 வரிசை விவரக்குறிப்பு எண், அதன் கீழே டிஎஸ்ஏ 100 என்று தொடங்கி 71 என்று போகும் ஒப்பந்த எண். டிஎஸ்ஏ என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கொள்முதல் முகமை. 1961-ல் உருவாகி 1962 தொடக்கத்தில்தான் வேலையை ஆரம்பித்தது. அந்த எண்ணில் வரும் 71, நிதியாண்டு. கொரியப் போர் முடிந்தது 1953-ல்.

வியாபாரிக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். காலரை யாரோ பிற்பாடு மாற்றியிருப்பார்கள் என்றார். லேபிளுக்குப் பதிலே இல்லை. சரி, சேவை ஆவணம் எங்கே என்று கேட்டேன். அதற்குச் சொன்ன பதிலைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது பல பேர் சொல்லும் பதில். 1973-ல் செயின்ட் லூயிஸில் நடந்த தீவிபத்தில் எரிந்துவிட்டதாம்.

தீவிபத்து உண்மை. 1973 ஜூலை 12 அன்று அங்கே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் போயின. ஆனால் போனவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். தரைப்படையில் 1912 முதல் 1960 வரை வெளியேறியவர்களுடையதில் சுமார் 80 சதவீதம், விமானப்படையில் 1947 முதல் 1964 தொடக்கம் வரை வெளியேறியவர்களில், பெயர் அகரவரிசையில் பிற்பகுதியில் வருபவர்களுடையதில் சுமார் 75 சதவீதம். கடற்படை அதிகாரியின் கோப்பு அந்தத் தீயில் எரிந்தது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பணியிலிருந்து விலகி 62 வருஷம் ஆனவரின் கோப்பை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிக் கேட்கலாம். ஐம்பதுகளில் விலகிய ஒருவருக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

கடற்படை வருஷாவருஷம் அச்சிட்ட அதிகாரிகள் பட்டியலிலும் தேடினேன், ரிசர்வ் அதிகாரிகளுக்கான பட்டியல் தனி, அதிலும் தேடினேன். அந்தக் கப்பல்கள் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் ஒரு மலர் வெளியிடும், பள்ளிக்கூட ஆண்டு மலர் மாதிரி, ஆட்களின் படத்தோடும் பெயரோடும். எசெக்ஸின் அந்தப் பயண மலரிலும் பார்த்தேன். பெயர்ப்பட்டையில் இருந்த பெயர் எங்கேயும் இல்லை. தங்க எழுத்து அச்சடிக்கும் கடையில் எந்தப் பெயரைக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பார்கள்.

பணம் போனதைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. ஜாக்கெட் போலி இல்லை. அது கடற்படை கொடுத்த அசல் ஜாக்கெட், அதை ஒரு அதிகாரி போட்டிருக்கிறார். உள் பையைத் திருப்பிப் பார்த்தபோது துணியில் மை பரவி ஒரு பெயர் தெரிந்தது. இரண்டு முதலெழுத்து, ஒரு குடும்பப் பெயர், பக்கத்தில் ஜூனியர் கிரேடு லெப்டினன்ட்டுக்கான சுருக்கம். கையால் எழுதியது. ஒப்பந்த வருஷத்தை வைத்துப் பார்த்தால் வியட்நாம் போரின் கடைசி வருஷங்களில் பறந்திருக்கலாம். பெயரை இங்கே எழுதமாட்டேன், அவர் உயிரோடு இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். அவர் எந்த ஸ்குவாட்ரன், எந்தக் கப்பல் என்று சொல்லக்கூடியவை அந்தப் பெரிய பேட்ச்சும் பெயர்ப்பட்டையும்தான். இரண்டையும் பிய்த்துவிட்டார்கள். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையை அவர் உடுப்பிலிருந்தே அழித்துவிட்டு, இல்லாத ஒருவரை அங்கே தைத்திருக்கிறார்கள். எழுபதுகளின் ஜாக்கெட் என்று உள்ளதைச் சொல்லி, அவர் பேட்ச்சோடு அப்படியே விற்றிருந்தால் நான் மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன்.

வியாபாரி கடைசியில் இறங்கி வந்தார். 600 டாலர் திருப்பித் தருகிறேன், ஜாக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பொதுவெளியில் எதுவும் எழுதக்கூடாது என்று எழுத்தில் கேட்டார். மறுத்துவிட்டேன். அதன் பிறகு, விற்றது விற்றதுதான் என்றார். கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். முன்கூட்டியே அவரிடம் எழுத்தில் வாங்கிவைத்த பதில்கள், லேபிள் வீடியோ, எல்லாம் போயிருக்கிறது. சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்ற பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முழுப்பணம் வேண்டுமென்றால் ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பிய ரசீது வேண்டும் என்கிறார்கள்.

இதில்தான் மனசு இழுபட்டது. திருப்பி அனுப்பினால் அது மறுபடி அதே ஆள் கையில். நானே வைத்துக்கொண்டு அந்த அதிகாரியின் குடும்பத்தைத் தேடலாமா என்று யோசித்தேன். "நீங்க வச்சுக்கிட்டா அந்த ஆளுக்குத்தானே லாபம், அடுத்தவங்ககிட்ட இதையே செய்வாரு" என்றாள் மனைவி. அது சரிதான். டிராக்கிங்கோடு அனுப்புகிறேன். உள் பையின் பெயர், அசல் லேபிள், துளை வட்டம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். எழுபதுகளின் பயண மலர்களில் அந்தப் பெயரைத் தேடும் வேலை தொடர்கிறது.

ஜாக்கெட் வேறொரு பெயரோடு, வேறொரு போரோடு மறுபடி விற்பனைக்கு வரும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதனால் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சூட்டுத் தழும்பு. வலது பையின் மடல் பொத்தான் மற்றதைவிடப் பெரியது, கறுப்பு. இடுப்புப் பின்னலில் ஜிப்புக்குப் பக்கத்தில் சின்ன ஒட்டுத்தையல். யூ.எஸ்.என். துளைகளில் கடைசி எழுத்து பாதி கிழிந்திருக்கிறது. பேட்ச்சை மாற்றலாம், லேபிளை மாற்றலாம், இவற்றை மாற்றுவது கஷ்டம். கண்ணில் பட்டால் பணம் கட்டாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வங்கிக்குக் கொடுத்த படங்கள் முழுவதையும் அனுப்பிவைக்கிறேன்.