வரலாறு: மேஜரா, மைனரா?

வரலாறு பிடிக்கும், ஆனால் அதையே மேஜராக, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடமாக எடுக்கத் தயக்கம். பொருளாதாரமோ கணினியோ மேஜராக இருக்கட்டும், வரலாற்றை மைனராக, அதாவது துணைப் பாடமாக வைத்துக்கொண்டால் போதாதா? இந்தப் பேச்சு பெரும்பாலும் பாடங்களின் எண்ணிக்கையில் தொடங்கி, வேலை கிடைக்குமா என்பதில் போய் நிற்கும். எண்ணிக்கையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மேஜர், மைனர் என்று பிரித்துத் தரும் கல்லூரிகளில் வரலாற்று மேஜருக்கு ஏறத்தாழ 10 முதல் 12 பாடங்கள், மைனருக்கு 5 அல்லது 6. இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடும், குறையும்.

மைனரில் குறைகிற அந்த ஐந்தாறு பாடங்கள் எவை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பண்டைய உலகம், நவீன ஐரோப்பா, காலனியம் மாதிரியான மேலோட்டப் பாடங்கள் இரண்டு பக்கமும் உண்டு. மைனரில் பொதுவாக இல்லாமல் போவது ஆய்வுச் செமினாரும், அதை ஒட்டி எழுதும் ஆய்வேடும்தான். என் கணக்கில் வரலாற்றுப் படிப்பின் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

செமினார் என்பது 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கே நடத்திய வகுப்புகள் வழியாகப் பரவிய முறை. சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மூல ஆவணத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். எழுதியது யார்? யார் படிக்க எழுதினார்? இதில் அவருக்கு என்ன லாபம்? இவ்வளவு காலம் இது யார் கையில் இருந்தது? கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பெரிய கோட்டைகளையே ஆட்டும் பலம் உண்டு. ரோமையும் மேற்குப் பேரரசையும் கான்ஸ்டன்டைன் பேரரசர் போப்புக்குத் தானமாகக் கொடுத்தார் என்று ஒரு சாசனம் பல நூற்றாண்டுகளாக உலவியது. 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீனை வரி வரியாகப் படித்து, அது போலி என்று காட்டினார். 4ஆம் நூற்றாண்டில் யாரும் அப்படிப் பயன்படுத்தாத சொற்கள் அதில் இருந்தன. கான்ஸ்டான்டினோபிள் என்ற நகரம் உருவாகும் முன்பே எழுதியதாகச் சொல்லப்படும் சாசனத்தில் அந்த நகரத்தின் பெயரும் இருந்தது!

இந்தக் கதையை மேலோட்டப் பாடத்தில் பத்து நிமிடத்தில் கேட்டு ரசிக்கலாம். நாமே ஒரு பழைய கடிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் திணறி, நம் முதல் முடிவு தப்பு என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதித் தருவது வேறு அனுபவம். பேரரசுகளின் பட்டியலையும் போர்களின் காரணங்களையும் நூலகத்தில் உட்கார்ந்து தனியாகப் படித்துக்கொள்ளலாம். இப்படித் திருத்தப்படுவது தனியாகக் கிடைக்காது. அதனால் மேஜர் எடுத்தும் எளிதான பாடங்களாகத் தேடிப் பொறுக்கி ஆய்வேட்டைத் தவிர்த்தவரைவிட, மைனர் எடுத்து ஒரு செமினாரில் நன்றாக அடிபட்டவரே வரலாறு படித்தவர் என்பேன்.

சரி, மைனரின் பக்கம் வருவோம். அதன் பலம் கலப்பில் இருக்கிறது. 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சொல்லி ஒரு ஜெர்மன் பத்திரிகை பெரும் பரபரப்போடு வெளியிட்டது. ஹியூ ட்ரெவர்-ரோப்பர் போன்ற பெயர்பெற்ற வரலாற்றாசிரியரே முதலில் அவை அசல் என்று நம்பினார். குட்டு உடைந்தது ஆய்வகத்தில். போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி அந்தக் காகிதத்தில் இருந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே அச்சான ஒரு தொகுப்பிலிருந்து, அதன் பிழைகளோடு சேர்த்தே வரிகளை எடுத்திருந்ததும் தெரியவந்தது. அதைக் கண்டுபிடிக்க வேதியியல் தேவைப்படவில்லை, ஆவணங்களை ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் போதும். ஆக வெற்றி இரண்டு துறைக்கும்தான்.

இந்தக் கலப்பு இப்போது வழக்கமாகிவிட்டது. லண்டனில் 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் இறந்தவர்களின் எலும்புகளிலிருந்து அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியை 2011இல் மீட்டெடுத்தார்கள். உயிரியல் மேஜர் படிக்கும் ஒருவர் வரலாற்றையும் தொட்டிருந்தால் அந்த மயானம் எப்போது, எதற்காகத் திறக்கப்பட்டது என்ற பதிவையும் படிப்பார். பொருளாதாரத்தில் கேட்கவே வேண்டாம். 2023இல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், பெண்களின் வேலையும் ஊதியமும் 200 ஆண்டுகளில் எப்படி மாறின என்பதைப் பழைய பதிவுகளைத் தோண்டியே காட்டினார்.

ஆனால் கலப்பு என்றாலே வரலாறுதான் மைனராக இருக்க வேண்டும் என்பதில்லை. 1993இல் டக்ளஸ் நார்த்துடன் நோபலைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் ஃபோகல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றை மேஜராகவும் பொருளாதாரத்தை மைனராகவும் படித்தவர். ரயில் பாதைகள் இல்லாவிட்டால் அமெரிக்கப் பொருளாதாரம் வளர்ந்தே இருக்காது என்ற நம்பிக்கையைப் பிற்காலத்தில் கணக்குப் போட்டு உடைத்தவர். கேள்வி வரலாற்றிலிருந்து வந்தது, கருவி பொருளாதாரத்திலிருந்து. உங்களுக்குக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேஜர் அந்தப் பக்கம் இருப்பது நல்லது.

மேஜருக்கு விலை இல்லாமல் இல்லை. முதல் விலை மொழி. எந்த நாட்டின், எந்தக் காலத்தின் வரலாறானாலும் ஆழமாகப் போக அதன் மொழி வேண்டும், சமயத்தில் எழுத்தும் வேண்டும். துருக்கி 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய ஓட்டோமான் பேரரசின் ஆவணங்கள் அரபு எழுத்தில் இருப்பதால், இன்றைய துருக்கி மொழி தெரிந்தவரும் தனியாகப் பயின்றால்தான் அவற்றை வாசிக்க முடியும். மேல்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறவர் இதை இளங்கலையிலேயே தொடங்குவது நல்லது, மைனரில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. இரண்டாவது விலை, வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருப்பது. சட்டம், ஆசிரியப் பணி, இதழியல், அரசு நிர்வாகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று வழிகள் உண்டுதான். ஆனால் பட்டத்தைக் காட்டியவுடன் திறக்கும் ஒரே கதவு என்று எதுவும் இல்லை, பலவற்றுக்கு மேலும் ஒரு படிப்பு வேண்டும். இந்த நிச்சயமின்மை தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் மைனர் போதும், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மைனர் எடுப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் தேர்வு. ஒரு பருவத்தில் எகிப்து, அடுத்ததில் இரண்டாம் உலகப் போர், அப்புறம் சாமுராய்கள். எல்லாமே சுவையான பாடங்கள், ஆனால் ஒன்று மற்றொன்றோடு பேசாது. நோய், வணிகம், இடப்பெயர்வு என்று ஒரு பொருளையோ, ஒரே பகுதியையோ பிடித்துக்கொண்டால் ஐந்து பாடமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மேஜருக்கு இந்தக் கவலை குறைவு, துறையே ஓரளவு வரிசை போட்டுவிடும்.

இரட்டை மேஜர்? இரண்டு துறையும் ஒரே ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளுமானால் யோசிக்கலாம். இரண்டு தனித்தனி ஆய்வேடுகள் கேட்டால் கடைசி ஆண்டில் இரண்டுமே அரைகுறையாகும்.

முடிவெடுக்கும் முன் துறை அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: ஆய்வுச் செமினாரில் மைனர் மாணவர்களைச் சேர்ப்பார்களா? விதியில் இடமில்லாவிட்டாலும் ஆசிரியர் அனுமதித்தால் சில இடங்களில் சேரலாம், நேரில் போய்க் கேட்க வேண்டும். சேர்ப்பார்கள் என்றால் மைனரைத் தைரியமாக எடுக்கலாம். கண்டிப்பாக முடியாது என்று சொல்லும் கல்லூரியில், வரலாறு உண்மையிலேயே வேண்டும் என்றால் மேஜர்தான்.