ஃபர்னஸ் திருத்த வந்தவரிடம் 829 டொலர் போனது: ஸ்காபரோ உறவுகள் கவனம்

ஜனவரி இரவு, வெளியே மைனஸ் 19. எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பற்றும், ஐந்தாறு விநாடியில் அணையும். மூன்று நான்கு தரம் முயன்றுவிட்டு அப்படியே நின்றுவிடும். வீட்டில் வயதான அம்மாவும் கைக்குழந்தையும். பதற்றத்தில், விளம்பரத்தில் முதலில் கண்ட நம்பருக்கு அழைத்துவிட்டேன்.

வந்தவர் பேஸ்மென்டில் பத்து நிமிடம் நின்றார். ஃபர்னஸை இயக்கும் மின்பலகையான கண்ட்ரோல் போர்ட் போய்விட்டது என்றார். பார்த்ததற்கு 189, புதுப் போர்டுக்கு 640. கொடுத்தேன், வீடும் சூடானது. இரண்டே நாளில் திரும்பவும் அதே கோளாறு.

மறுபடி வந்தவர், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி) வெடிப்பு, கார்பன் மொனாக்ஸைடு என்ற நச்சு வாயு கசியும், இரவு படுத்தால் எழும்ப மாட்டீர்கள் என்று அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னார். புது ஃபர்னஸ் மாத வாடகைக்கு, பத்து வருட ஒப்பந்தம், இன்றே கையெழுத்து வேண்டுமாம். வெடிப்பைக் காட்டுங்கள் என்று மனைவி கேட்டாள். "உள்ளுக்க இருக்கு அக்கா, கண்ணுக்குத் தெரியாது" என்றார். கையெழுத்துக் கிடைக்காததும் கேஸ் வால்வைக்கூட மூடாமல் போய்விட்டார். உண்மையிலேயே ஆபத்தென்றால் கேஸை நிறுத்தி ரெட் டாக் என்ற சிவப்பு எச்சரிக்கை அட்டையைப் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் நண்பர் சொல்லி இன்னொருவர் வந்தார். கேட்காமலே டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவில் கேஸ் வேலைக்காரருக்குச் சான்று கொடுக்கும் அமைப்பு) சான்றிதழைக் காட்டினார். பிழை ஃபிளேம் சென்சரில். தீக்குள் நீட்டி நிற்கும் மெல்லிய கம்பி அது. தீயின் வழியே அதில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்துத்தான் தீ எரிகிறது என்று போர்ட் அறியும். கம்பியில் படலம் படிந்தால் தீ இல்லையென்று நினைத்து கேஸை நிறுத்திவிடும். மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்துப் பூட்டினார். கால் மணி நேரம், 110 டொலர். எக்ஸ்சேஞ்சருக்குள் கமெராவை விட்டுக் காட்டினார், வெடிப்பு எதுவும் இல்லை. என்னை அதிகம் கொதிக்க வைத்தது போர்டில் இருந்த ஸ்டிக்கர்: 2009. வீட்டோடு வந்த அதே போர்ட்!

அந்த நம்பரில் இப்போது யாரும் போன் எடுப்பதில்லை.

ஃபர்னஸ் நின்றால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள், வெளியே ஃபர்னஸின் குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா பாருங்கள். போர்டில் சிமிட்டும் விளக்கை எண்ணுங்கள், அதன் அர்த்தம் பெரும்பாலும் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். கார்பன் மொனாக்ஸைடு அலாரம் அடித்தால் மட்டும் எதையும் பார்க்காமல் எல்லோரும் வெளியேறி 911 அழையுங்கள். அவசரத்தில் வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ஒன்ராறியோவில் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம், எழுத்தில் அனுப்புங்கள். அப்புறம், எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கையில் வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.