செத்தது கத்துமா? எஸ்.பி. ரோட்டில் ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை

பெங்களூர் அல்சூரில் திருமணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை என்று டி.டி.பி. வேலை செய்து பிழைப்பவள் நான். என் மேசைக் கணினி 2014இல் உதிரிகளாக வாங்கிப் பூட்டியது. எச்81 மதர்போர்டு, நான்காம் தலைமுறை ஐ3, இரண்டு 2 ஜிபி ரேம். இன்னும் இதையா வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். என்னிடம் உள்ள பத்துப் பதினைந்து ஆண்டுக் கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அது தொந்தரவு இல்லாமல் ஓடுகிற 32 பிட் விண்டோஸ் 7இலேயே நானும் நின்றுவிட்டேன். மைக்ரோசாஃப்ட் அந்த விண்டோஸை 2020 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கணினியில் இணைய இணைப்பே கிடையாது.

ஆடி மாதக் கூழ் வார்க்கும் விழா நோட்டீஸ்கள் ஆறு கையில் இருந்த வாரத்தில், ஒரு மழை இரவில் மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி இரண்டு விநாடி சுற்றி நின்றது, தானாகவே மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடைக்குத்தான் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது என்றும், பழைய போர்டு ஒன்று 8,500 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றும், விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார்கள். பார்த்ததற்குக் கூலி 350 ரூபாய். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் என் எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு, பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து மறுபடி நிறுவ ஒரு வாரம் ஆகும் என்பதால், எதற்கும் இன்னோர் இடத்தில் காட்டிவிடலாம் என்று பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். இந்த மதிப்புரை அங்கே நான் போன கடையைப் பற்றியது.

சதர் பத்ரப்பா சாலை என்ற முழுப் பெயரைச் சொன்னால் பெங்களூர்க்காரர்களே ஒரு கணம் யோசிப்பார்கள், எஸ்.பி. ரோடு என்றால் கணினி உதிரி என்று குழந்தைக்கும் தெரியும். வெறுங்கையோடு போவதானால் சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் டவுன் ஹால் பக்கமாக ஆட்டோவில் வருவதே நல்லது. நான் சொல்லும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே கேபிள் விற்கும் கடையில் ரிப்பேர் எங்கே என்று கேட்டால், விரலை மேலே காட்டுவார்கள். மாடிப்படி செங்குத்தானது, அகலம் ஒரு ஆளுக்குத்தான் போதும். நான் மூச்சிரைக்க ஏறுவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த மெக்கானிக் தம்பியே பாதி வழி இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கோலார் தங்கவயல்காரர், தமிழில் பேசினார். கல்லாவில் இருந்த முதலாளி கன்னடமும் இந்தியும் மட்டுமே பேசினார்.

இந்தக் கடையைப் பற்றி நான் எழுதக் காரணம் விலை அல்ல, பழுதைத் தேடிய வரிசை. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது ஓடியது, இடம் மாற்றி வைத்தீர்களா, புதிதாக ஏதாவது மாட்டினீர்களா, யூ.பி.எஸ். எத்தனை வருடப் பழசு, வேறு யாராவது திறந்தார்களா. இரண்டு நாள் வேறு கடையில் இருந்தது என்றதும், அங்கே மின் இணைப்பில் வைத்திருந்தார்களா, பிடுங்கி வைத்திருந்தார்களா என்று கேட்டார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, டி.வி.டி. டிரைவ், இரண்டு ஹார்ட் டிஸ்க், முன்பக்க யூ.எஸ்.பி. வயர்கள் என்று எல்லாவற்றையும் பிடுங்கினார். மின்சாரத்தை எடுத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 முனைப் பிளக்கில் பச்சை வயரையும் அதை அடுத்த கறுப்பு வயரையும் ஒரு வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்தார், விசிறி சுற்றியது. முந்தைய கடையிலும் இதே சோதனையை என் கண்ணெதிரில் செய்து, விசிறி சுற்றுகிறது, எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள். இவர் அங்கே நிற்கவில்லை. மல்டிமீட்டரை மஞ்சள் வயரில் வைத்தார்: 12.1 வோல்ட். பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டையும் அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டிச் சுமை ஏற்றிய உடனே எண் 10.9க்கு இறங்கியதை எனக்குத் திருப்பிக் காட்டினார். 12 வோல்ட் வயரில் ஐந்து சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது சரியாகத் தெரிந்து, வேலை வைத்ததும் தொய்ந்துபோகிற எஸ்.எம்.பி.எஸ்., போர்டை எழுப்பிப் பாதியிலேயே கைவிடும். போர்டு மறுபடி எழ முயலும். என் பெட்டி இரண்டு விநாடிக்கு ஒருமுறை விழுந்து எழுந்த கதை இதுதான்.

கடையிலிருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்த்ததில் விசிறி நிற்காமல் சுற்றியது. ஆனால் திரை அப்போதும் இருட்டாகத்தான் இருந்தது. சரி, போர்டும் சேர்ந்து போய்விட்டது, அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் என்று நான் மனதுக்குள் 8,500 ரூபாயை எண்ணத் தொடங்கிவிட்டேன். அவரோ இழுப்பறையிலிருந்து பட்டாணி அளவில் ஒரு பஸ்ஸரை எடுத்து, போர்டின் ஓரத்தில் ஸ்பீக்கருக்கென்று இருக்கும் ஊசிகளில் செருகினார். ரேம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, ரேமே இல்லாமல் போர்டை இயக்கினார். பெட்டி விடாமல் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. “கத்துது பாருங்கக்கா. ரேம் எங்கேன்னு கேக்குது. செத்தது கத்துமா?” என்றார்.

ரேம் இல்லை என்று கண்டுபிடித்துக் குரல் கொடுக்க வேண்டுமானால், பிராசஸரும், கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸும் உயிரோடு இருந்தாக வேண்டும். பத்து ரூபாய்கூடப் பெறாத அந்த பஸ்ஸரை முந்தைய கடையில் யாரும் செருகிப் பார்க்கவில்லை.

ரேமின் பொன்னிறப் பற்களில் கரும்படலம் படிந்திருந்தது. பள்ளிக்கூட ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, பிசிறைத் தூரிகையால் தட்டிவிட்டு, துளைகளிலும் தூசியை ஊதினார். முதலில் ஒரே ஒரு ரேமை மாட்டினார். கத்தல் நின்று, மூன்று நாளுக்குப் பிறகு திரையில் எழுத்து வந்தது. இரண்டாவதை மாட்டியபோதும் வந்தது. ஆனால் வந்த எழுத்து, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, எஃப்1 அழுத்தவும் என்பது. கணினி தன்னை 2013 ஜனவரி 1இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. போர்டில் பதிந்திருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 செல்லை நெம்பி எடுத்து அளந்தார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1 இருந்தது.

அவர் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விளக்கம் கிடைத்தது. சுவரில் பிளக் செருகியிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். செல் செத்திருப்பது வெளியே தெரியாது. என் வீட்டில் பிளக்கைப் பிடுங்குவதே இல்லை. அந்தக் கடையில் இரண்டு நாள் பிடுங்கி வைத்ததில் பயாஸ் தன் அமைப்புகளையெல்லாம் மறந்துவிட்டது.

செல் மாற்றி, தேதியைச் சரிசெய்து, ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டியதும், பூட் செய்ய வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வட்டு போய்விட்டதா என்று கேட்டேன். அவர் பயாஸுக்குள் நுழைந்து, வட்டின் பெயரும் கொள்ளளவும் அங்கே வந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, வட்டு இருக்கிறது, அதைத் தேடுகிற முறைதான் மாறிவிட்டது என்றார். 32 பிட் விண்டோஸ் 7 பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டது. அமைப்புகளை மறந்த போர்டோ தன் இயல்புக்குத் திரும்பி யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் மட்டும் தேடிக்கொண்டிருந்தது. லெகசிக்கு மாற்றிச் சேமித்தார். விண்டோஸின் நான்கு வண்ணங்களும் சுற்றிச் சேர்ந்து கொடியாயின. கடவுச்சொல்லை அவர் கேட்கவில்லை; விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

ஆக எஸ்.எம்.பி.எஸ்., ரேம், செல், பயாஸ் அமைப்பு என்று ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்திருந்த நான்கு பழுதுகள். ஒன்றைத் தீர்த்தாலும் அறிகுறி முழுதாகப் போகாது என்பதால், பாதியில் நிறுத்துகிறவருக்கு இது மதர்போர்டாகத்தான் தெரியும்.

கூலிக் கணக்கு: புதிய 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். 2,300, செல் 50, வேலைக்கு 500, மொத்தம் 2,850 ரூபாய். பழுது கண்டுபிடிக்க 300 ரூபாய் வாங்குகிறார்கள். அங்கேயே சரிசெய்தால் அதைக் கழித்துவிடுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் முதலாளி முதலில் நீட்டியது 650 ரூபாய்ச் சரக்கு. அதிலும் 450 வாட் என்றுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மெக்கானிக் தம்பி ஒன்றும் பேசாமல் அதை என் இடது கையிலும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதை வலது கையிலும் வைத்தார். இடது கையில் இருந்தது வெறும் தகரப் பெட்டி போல இருந்தது. எடையை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்ய முடியாதுதான். ஆனாலும் அந்த வித்தியாசத்துக்கு ஸ்டிக்கரில் பதில் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் என்று சொன்ன வேலைக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதே தம்பிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. தொலைபேசியை எடுப்பதே இல்லை. பில்லைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் என்றவர்கள், அதற்கு நிறுவனத்தின் சேவை மையத்துக்கு நாம்தான் அலைய வேண்டும் என்பதைப் பணம் கட்டிய பிறகே சொன்னார்கள். தூசி ஊதும்போது பிராசஸர் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளாமல் பம்பரமாகச் சுற்றவிட்டார். அத்தனை கவனமான ஆள் அதை மட்டும் ஏன் விட்டார் என்று எனக்கு இன்னும் மனத்தாங்கல். கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கேட்டால்தான் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

போகிறவர்கள் பெட்டியோடு அதன் பவர் கேபிளையும் எடுத்துப்போங்கள். கேபிளிலேயே கோளாறு இருந்தால் அங்கே தெரிந்துவிடும். மானிட்டர் தேவையில்லை, அங்கே இருக்கிறது. காலை பதினொரு மணிக்குள் போனால் கூட்டம் குறைவு.

தகட்டை மூடுவதற்கு முன் அவர் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் செல் மாற்றிய தேதியையும், கீழே ‘லெகசி’ என்றும் பேனாவால் எழுதி உட்புறம் ஒட்டினார். கடைசியாக ஹார்ட் டிஸ்க்கின் ஆயுளைக் காட்டும் மென்பொருளைத் திறந்தார். முப்பத்தோராயிரம் மணி நேரம் ஓடியிருந்தது. இன்று ஒன்றுமில்லை, ஆனால் இந்த மாதத்துக்குள் ஒரு எஸ்.எஸ்.டி.யில் அப்படியே நகல் எடுத்துவிடுங்கள், விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதில்லை என்றார். நோட்டீஸ்கள் ஆறும் அச்சுக்குப் போய்விட்டன. ஆடி முடிந்ததும் அந்தப் படியில் மறுபடி ஏறுவதாக இருக்கிறேன்.