எழுதிய கார்டா, எழுதாத கார்டா?

கிருஷ்ணகிரியிலிருந்து கடலைப் பார்க்கப் பஸ்ஸில் ஐந்து மணி நேரமாவது போக வேண்டும். அதனாலேயோ என்னவோ, கலங்கரை விளக்கப் படம் போட்ட பழைய தபால் கார்டுகள் மேல் எனக்கு இத்தனை ஆசை. சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: ஒரே படம், ஒன்று எழுதாதது, இன்னொன்று ஸ்டாம்பு ஒட்டி முத்திரை விழுந்து ஊர் போய் வந்தது. எதை வாங்கலாம்?

என்னிடம் இரண்டு விதமாகவும் இருப்பது சென்னை உயர் நீதிமன்றப் படம். அந்த வளாகத்தில் தனியாக நிற்கும் கருங்கல் தூணில்தான் 1844 முதல் விளக்கு எரிந்தது. 1894இல் நீதிமன்றக் கோபுரத்துக்கு மாறியது. 1977இல் மெரினாவுக்குப் போனது.

எழுதாத கார்டில் கோபுரம் பளிச்சென்று தெரிகிறது. மூலை மழுங்கவில்லை, வானத்தில் கறையில்லை. சட்டம் போட்டு மாட்ட அதுதான் சரி. ஆனால் அதன் வயதைச் சொல்ல, பின்பக்கத்தில் சேதிக்கும் முகவரிக்கும் இடையே போட்ட நடுக்கோடு ஒன்றுதான் துணை. முகவரிப் பக்கத்திலேயே சேதியும் எழுதலாம் என்று பிரிட்டன் அனுமதித்தது 1902இல். அங்கே அச்சான கார்டில் கோடு இருந்தால் அதற்குப் பிந்தியது, அவ்வளவுதான். புது மறு அச்சைப் பழசென்று தள்ளிவிடுவதும் எழுதாத கார்டில்தான் சுலபம். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பிடியுங்கள். தாள் வெள்ளை வெளேரென்று மின்னினால் வேண்டாம்.

எழுதிய கார்டில் முத்திரைத் தேதி இருக்கிறது. அது அழிந்திருந்தாலும் ஸ்டாம்பில் ராஜா தலை இருக்கும்: எட்வர்ட் என்றால் 1902க்கும் 1910க்கும் பக்கத்தில், ஜார்ஜ் என்றால் பிறகு. படம் அதற்குப் பல வருஷம் முன்பே எடுத்ததாக இருக்கலாம், அதை மறக்கக் கூடாது. கோடு வராத காலத்தில் சேதியைப் படத்தின் ஓரத்திலேயே எழுதினார்கள். என் கார்டு ஒன்றில், கோபுரத்துக்குக் கீழே விட்ட வெள்ளை இடத்தில், கப்பல் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று யாரோ நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே கரைக்கு வந்தவர்! எழுதாத கார்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைத் தராது. நான் எழுதியதைத்தான் வாங்குவேன். ஸ்டாம்பை உரித்தெடுத்த கார்டு மட்டும் வேண்டாம். தேதியும் கூடவே போயிருக்கும்.

முட்டம், மணப்பாடு போன்ற ஊர்களின் கலங்கரை விளக்கக் கார்டுகள் கண்ணில் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், கிடைத்ததை வாங்கிவிடுங்கள். எதுவானாலும் பி.வி.சி. உறையில் போடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு ஒட்டிக்கொள்ளும்; பாலியெஸ்டர் உறை நல்லது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. அதற்கு அடுத்த வாரத்து முத்திரையோடு அந்தக் கோபுரக் கார்டு ஒன்றை வெகு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கறையோ மடிப்போ இருந்தாலும் பரவாயில்லை, நாலு வரி எழுதியிருந்தால் போதும்.